வாசலில் நின்ற இளவரசன்

இளவரசர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை எப்போதும் இருந்ததில்லை. குதிரையில் வருவார்கள், வாளை உருவுவார்கள், பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவர் யார் என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இளவரசன் வேண்டும். ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்த வருஷங்களில் இளவரசன் இல்லாத கதைகளையும் சொல்லிப் பார்த்தேன். பாதியில் எழுந்து கோழியைத் துரத்தப் போய்விடுவார்கள்.

அந்த ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில், செமிலிங்குக்கும் பீடோங்குக்கும் நடுவில் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. பெண்கள் இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். போகிற வழியில் பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். கைக்குழந்தைகளுக்கு ஏணை, தவழ்கிறவர்களுக்குப் பாய், ஓடுகிறவர்களுக்கு நான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆயா. நாங்கள் வேதக்காரர்கள். கொட்டகைச் சுவரில் நான் மாதா படம் ஒன்றை மாட்டினேன். அடுத்த வாரம் யாரோ பக்கத்தில் முருகன் படத்தை மாட்டியிருந்தார்கள். வேலியில் பூத்த செம்பருத்தியை இரண்டு பேருக்கும் பங்கு போட்டு வைப்பேன்.

மரத்தில் கோடு இழுத்துவிட்டால் பால் மங்குக் கிண்ணத்தில் சொட்டி நிறைய நேரம் பிடிக்கும். அந்த இடைவேளையில்தான் எல்லாரும் பசியாறுவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் மட்டும் பசியாறாமல் கொட்டகைக்கு ஓடி வருவார்கள். நெஞ்சு கனத்து, சட்டை நனைந்து, மூச்சு வாங்க வந்து பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். பிறகு பாலெடுக்கத் திரும்ப ஓடவேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் கொட்டகையில் ஒரு சத்தமும் இருக்காது. எனக்கு அந்த நேரம் மிகவும் பிடிக்கும்.

அப்படி ஓடி வருகிறவர்களில் ஒருத்தி ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாள். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து திரும்பி வரவில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். நன்றாகச் சிரிப்பாள், சின்னச் சண்டைக்கும் முதல் ஆளாக நிற்பாள். அவளுடைய மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். ஒரே பிள்ளை.

கருமாதி முடிந்ததும் முறைப்படி வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவள் படுத்த பாய், கட்டிய சேலை, வேலைச் சட்டை எல்லாவற்றையும் கொண்டுபோய் எரித்தார்கள். பிள்ளைக்குப் புது ஏணைத்துணி, புதுச் சட்டை. கணவனும் அதே தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர்தான். உயரமான, அதிகம் பேசாத மனிதர். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாதே. மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்து என் கையில் கொடுத்தார்.

அன்றைக்குத் தொடங்கியது அழுகை. பசிக்கு அழுவது, வலிக்கு அழுவது, பிடிவாதத்துக்கு அழுவது எல்லாம் எனக்கு அத்துப்படி. இது அந்த வகை எதிலும் சேரவில்லை. தூக்கினால் கழுத்தில் முகத்தை வைத்து ஒரு முறை மூச்சை இழுப்பாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். மாவுப்பால் கரைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் விழுங்குவாள், மூன்றாவதைத் துப்புவாள். அழுது அழுது தூங்கி, தூக்கத்திலேயே விம்முவாள். தொடையில் இருந்த மடிப்பெல்லாம் கரைந்து போயிற்று. தொட்டால் எலும்பு தட்டியது. எனக்குப் பயமாக இருந்தது, அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். கையில் ஒரு பிள்ளை செத்துப்போய்விடுமோ என்ற பயம்.

யாரும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் நல்ல மனிதர். பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதி அனுப்பினார். அங்கே நோய் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். "தாயில்லாப் பிள்ள. தூக்குறவங்க சுத்தமா வந்து தூக்குங்க" என்று மட்டும் டிரஸர் சொன்னார். சரியான வார்த்தைதான். பூசாரி மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து வந்த மலாய்க்கார மருத்துவச்சி எண்ணெய் தடவி உருவிவிட்டாள். நான் என் பங்குக்கு மாதா கோயில் தீர்த்தத்தை நெற்றியில் பூசினேன். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தன் பாலைக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று சாயங்காலம் குளித்து, சேலை மாற்றி, சாமி கும்பிட்டுவிட்டு வந்தாள். பிள்ளை அவளையும் ஏற்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பசியாறும் நேரத்தில் தாய்மார்கள் ஓடி வருகிறபோது இந்தப் பிள்ளை மட்டும் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் தலையைத் திருப்புவாள். எல்லாரும் உள்ளே வந்து அவரவர் பிள்ளையை எடுத்துக்கொண்ட பிறகு மறுபடி அழுவாள். "அம்மாவத் தேடுது, பாவம்" என்று பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்கள். பால் குடிக்கிற பிள்ளைகளும் சேர்ந்து அழுதன. பார்க்கச் சகிக்காமல் அவளுடைய ஏணையைப் பின்பக்கம், விறகு அடுக்கியிருந்த சின்ன அறைக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன்.

அந்த வாரம்தான் பிள்ளையின் அப்பா வாக்குக் கொடுத்தார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் அலோர் ஸ்டாரில் இருந்தது. கவர்மெண்டு உத்தியோகம், சொந்த வீடு, பிள்ளை மட்டும் இல்லை. பெண் பிள்ளையானாலும் பரவாயில்லை என்றார்களாம். அந்த 'ஆனாலும்' என் காதில் விழுந்தபோது எனக்கு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

"என்னாண்ணே, கோழிக்குஞ்சா கொடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கிட்ட இருந்தா செத்துரும் தங்கச்சி. என்னையக் கண்டாலே அதுக்கு ஆவல. நான் தூக்குனாத்தான் ரொம்ப அழுவுது" என்றார். அது உண்மை. யார் தூக்கினாலும் அழுவாள், அப்பா தூக்கினால் இன்னும் கூடுதலாக அழுவாள். அவர் அதைத் தனக்கு வந்த தண்டனை என்றே நம்பினார். எதற்குத் தண்டனை என்று அப்போது சொல்லவில்லை.

வயிற்றெரிச்சலோடு கொட்டகைக்குள் வந்தால் பிள்ளைகள் கதை கேட்டார்கள். எனக்குக் கதை சொல்லும் மனநிலை இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கடிக்கத் தொடங்குவார்கள். சரி என்று உட்கார்ந்தேன். வாயில் வந்தது அந்த வீட்டுக் கதைதான்.

ஒரு ராஜா. அவருடைய ராணி செத்துப்போய்விட்டாள். ராணி போன அன்றிலிருந்து ராஜாவின் பிள்ளை அழுகிறது. தங்கத் தொட்டிலில் போட்டாலும் அழுகிறது, முத்துக் கிலுகிலுப்பை ஆட்டினாலும் அழுகிறது. அழுகைச் சத்தத்தில் அரண்மனைப் புறாவெல்லாம் பறந்து போய்விட்டது. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. ஊர் ஊராகத் தண்டோரா போடச் சொன்னார்: 'என் பிள்ளை ஏன் அழுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துகிறவர் எவரோ, அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.'

"அப்பாவே குடுத்துருவாரா?" என்று ஒரு பெரிய பிள்ளை கேட்டது.

"குடுத்துருவாரு. ராஜான்னா அப்படித்தான்" என்றேன். அந்த ராஜாமேல் எனக்கிருந்த கோபத்துக்கு அளவில்லை.

மருத்துவர்கள் வந்தார்கள், சோதிடர்கள் வந்தார்கள், மந்திரவாதிகள் வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஓர் இளவரசன் வந்தான். நடந்து வந்தான். ஒரு ராஜாவுக்கு ஏழாவது மகன். நாடு மூத்தவர்களுக்கே போதாததால் இவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வாளும் கிடையாது. முன்பு ஒரு கதையில் வாள் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் விறகுக்குச்சியால் அடித்துக்கொண்டு ஒருவனுக்கு நெற்றி பிளந்ததிலிருந்து என் இளவரசர்கள் எல்லாரும் வெறுங்கையோடுதான் வருவார்கள்.

அவன் வந்து என்ன செய்தான்? எனக்குத் தெரியவில்லை. பிள்ளை ஏன் அழுகிறது என்று தெரிந்தால் அல்லவா அவன் கண்டுபிடித்ததைச் சொல்ல முடியும்? ஆகவே அவனைப் பிள்ளையின் அறை வாசலில் நிறுத்தினேன். நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். அன்றைக்குக் கதை அதோடு முடிந்தது.

மறுநாளும் நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். "எப்பப் பாத்தாலும் நின்னுக்கிட்டே இருக்கான்" என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். மழைக்கு நனைந்த எருமை மாதிரி நிற்கிறான் என்று எனக்கே தோன்றியது. அதனால் அவன் என்ன பார்க்கிறான் என்பதை நீட்டினேன். அறைக்குள் யார் யார் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று. சொல்வதற்குச் சரக்கு இல்லாதவன் கண்ணில் கண்டதைத்தான் சொல்வான். இந்தப் பிள்ளையைத் தூக்க வருகிறவர்கள் என்னென்ன செய்கிறார்களோ அதையெல்லாம் அரண்மனைக்காரர்களைச் செய்ய வைத்தேன். மந்திரி வந்தார், பன்னீரில் குளித்து, பட்டு உடுத்தி வந்தார். செவிலித்தாய் வந்தாள்; சந்தனம் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாள். ராஜாவும் வந்தார், அவரும் முங்கிக் குளித்து, பவுடர் பூசிக்கொண்டு வந்தார்.

பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரே மாதிரி வந்தால் அவர்களுக்குப் பாட்டுத்தான்.

"யாரு வந்தா?" என்பேன்.

"மந்திரி!"

"எப்படி வந்தாரு?"

"குளிச்சிட்டு வந்தாரு!"

"யாரு வந்தா?"

"ஆயா!"

"எப்படி வந்தாங்க?"

"குளிச்சிட்டு வந்தாங்க!"

"யாரு வந்தா?"

"ராஜா!"

"எப்படி..."

"குளிச்சிட்டு வந்தாரு! குளிச்சிட்டு வந்தாரு!" என்று கைதட்டிக் கத்தினார்கள். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். காலையில் நானும் குளித்துவிட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் அந்தப் பிள்ளையைத் தொட்டேன். எல்லாரும் அப்படித்தான் தொட்டோம். அவளுடைய அம்மா ஒருத்திதான் ஒரு நாளும் குளித்துவிட்டு வந்து தூக்கியதில்லை. ஓடி வருகிறவளுக்குக் குளிக்க நேரம் ஏது?

பால்மரம் வெட்டுகிறவர்கள் உடம்பில் ஒரு வாடை உண்டு. பால் தெறித்துத் தெறித்துச் சட்டை கறுத்துத் தகரம் மாதிரி விறைத்துப்போகும். புளித்த வாடை, வேர்வையும் கொசுவத்திப் புகையும் சேர்ந்த வாடை. துவைத்தாலும் போகாது. செமிலிங் கடைத்தெருவில் நம் ஆட்கள் வேலை உடுப்போடு நின்றால் சிலர் மூக்கைத் திருப்புவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போவார். அதனால் தோட்டத்து ஆட்கள் வெளியே கிளம்பும்போதும், கோயிலுக்குப் போகும்போதும், யாருக்காவது மரியாதை செய்யும்போதும் தோல் தேயத் தேய்த்துக் குளிப்பார்கள். அதே மரியாதையைத்தான் தாயில்லாத பிள்ளைக்கும் செய்தோம். எங்களிடம் இருந்த நல்லது அதுதான், அதைக் கொடுத்தோம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு கழுத்திலும் முகத்தை வைத்து மோந்து பார்த்துவிட்டு, இதுவும் அம்மா இல்லை என்று அழுதிருக்கிறாள்.

தாய்மார்கள் ஓடி வருகிற நேரம் வந்தது. முதலில் வந்தவள் என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் தன் பிள்ளையை எடுக்கும் முன் கையைப் பிடித்துப் பின்பக்க அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இதத் தூக்கு."

"இருங்கக்கா, கையக் கழுவிட்டு வரேன்."

"வேணாம். அப்படியே தூக்கு."

"ஐயோ, மேலெல்லாம் நாத்தம்லா!"

"தூக்குடி!" என்று கத்திவிட்டேன்.

தூக்கினாள். பிள்ளை வழக்கம்போல் மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். பிறகு அந்தக் கறுத்த சட்டையில் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'ம்... ம்...' என்று முனகினாள். அந்த முனகலை அதற்கு முன் அவளுடைய அம்மா இருந்தபோது கேட்டிருக்கிறேன். என் பக்கத்து வீட்டுக்காரிக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே விறகுக்கட்டில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைக் கழற்றினாள். பிள்ளை குடித்தாள். வயிறு நிறையக் குடித்தாள். குடித்துக்கொண்டே தூங்கினாள். வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் எனக்குக் கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். இவ்வளவு நாள் அந்த ஏணையைக் கொண்டுபோய் விறகு அறையில் போட்டு வைத்திருந்தோமே என்று.

மத்தியானம் பிள்ளையின் அப்பா வந்தார். தலை ஈரமாக, நெற்றியில் திருநீறு, உடம்பெல்லாம் சிவப்புச் சவுக்கார வாசனை. நான் நடந்ததைச் சொன்னேன்.

"நாளைக்குக் குளிக்காம, வேலச் சட்டையோட அப்படியே வாங்கண்ணே."

அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார். பிறகு, "நான்தான் தங்கச்சி அவள ஏசுவேன்" என்றார். "பச்சப் பிள்ளைய இந்த நாத்தத்தோடவா தூக்குவன்னு தெனமும் ஏசுவேன். ஒரு நாளு கையிலேருந்து புடுங்கிட்டேன். போய்க் குளிச்சிட்டு வாடின்னேன்."

"அதுக்கு அவங்க என்னா சொன்னாங்க?"

"சிரிச்சா. போய்க் குளிச்சிட்டு வந்தா."

அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மனைவி செத்த வீட்டில்கூட அவர் அழவில்லை என்று சொல்வார்கள். நான் கதை கேட்கிற பிள்ளைகளை வெளியே விரட்டினேன்.

மறுநாள் நேராக வந்தார். தோளில் பால் வாளி தூக்கும் காண்டாக் கட்டை அழுத்திய தடம், காலில் சேறு. சுத்தமான சிமெண்டில் கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்றார். பிள்ளையைக் கொண்டுபோய் அங்கேயே கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். சட்டையைப் பிடித்தாள். அப்பா அசையாமல் நின்றார். மூச்சுக்கூட மெதுவாக விட்டார். எறும்பு காலில் ஏறுவதைப் பார்த்து நான்தான் துணியால் தட்டிவிட்டேன்.

இனி என்ன, பிள்ளை அப்பாவோடுதான் என்று நான் தீர்மானித்துவிட்டேன். அவர் தீர்மானிக்கவில்லை. சனிக்கிழமை கேட்டபோது தலையை ஆட்டினார்.

"வாக்குக் கொடுத்தாச்சு."

"என்னா பெரிய வாக்கு? கிராணிகிட்ட போயிச் சொல்லுங்க, புள்ள தேறிடுச்சு, கொடுக்கலன்னு."

"ஏழ சொல்லு அம்பலம் ஏறாதும்பாங்க. சொன்ன சொல்ல நாமளே மாத்துனா அப்புறம் நமக்கு என்னா இருக்கு? அவங்க தொட்டிலு வாங்கி வெச்சிட்டாங்களாம். அந்தம்மா சட்டயெல்லாம் தச்சி வெச்சிருக்காம்." கொஞ்சம் நிறுத்தி, "இங்க இருந்தா இதுவும் மரந்தான் வெட்டும் தங்கச்சி" என்றார்.

நான் கொட்டகைக்குத் திரும்பினேன். பிள்ளைகள் கதையை முடிக்கச் சொன்னார்கள். இளவரசன் கண்டுபிடித்துவிட்டதைச் சொன்னேன். ராணி யாருக்கும் தெரியாமல் விடியக்காலை மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் தன் கையால் சாணி அள்ளி, பால் கறப்பாள், அந்த வாசத்தோடு வந்துதான் பிள்ளையைத் தூக்குவாள், இளவரசன் மாட்டுக்காரனின் கம்பளியைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு பிள்ளையைத் தூக்கினான், பிள்ளை தூங்கிவிட்டது. பிள்ளைகள் சாணி நாற்றத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்புறம் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டானா?" என்று கேட்டார்கள். "அத திங்கக்கெழம சொல்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் அவர் வீட்டு வாசலில் நின்றேன். கறுப்புக் கார் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் செம்மண் பாதையில் மெதுவாக வந்தது. கிராணி முன்னால் இறங்கினார். பின்னால் அந்தத் தம்பதி. நாற்பது வயதுக்குமேல் இருக்கும். அந்த அம்மா வெளிர் மஞ்சள் பட்டுச் சேலை, கழுத்தில் தாலிக்கொடி, கையில் ஒரு துணிப்பை. வீட்டைப் பார்க்காமல், எங்களைப் பார்க்காமல், பிள்ளை எங்கே என்று தேடின கண். அந்தக் கண்ணைப் பார்த்ததும் என் கோபத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அப்பா விருந்தாளி வருகிறார்கள் என்று குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். பெரிய மனிதர்கள் முன்னால் அந்த வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க அவருக்கு மனம் வரவில்லை. அது பின்பக்கக் கொடியில் தொங்கியது.

"ஒருக்கா என்னட்டைத் தாங்கோ" என்று அந்த அம்மா கையை நீட்டினார். வாங்கினார். பட்டுக்கும் பவுடருக்கும் நடுவில் பிள்ளை வீறிட்டாள். அந்த அம்மா தட்டிக்கொடுத்தார், நடந்தார், ஏதோ பாடினார். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. கணவர், "புது முகமெல்லோ. பழகிவிடும்" என்றார். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்பக்கம் போய்ச் சட்டையைக் கொண்டுவந்தேன். கிராணி, "அத ஏன் இங்க கொண்டாற?" என்று அதட்டினார். நான் அவரைப் பார்க்காமல் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடி வந்த தாயை, எரித்த சட்டையை, குளித்துக் குளித்துத் தூக்கிய எங்களை. அப்பாவுக்கு வெட்கத்தில் தலை குனிந்துவிட்டது.

அந்த அம்மா பிள்ளையை என் கையில் கொடுத்தார். சட்டையை வாங்கினார். ஒரு கணம்கூட யோசிக்காமல், அந்தக் கறுத்து விறைத்த சட்டையைப் பட்டுச் சேலைக்குமேல் போட்டுக்கொண்டார். கையை மடித்து விட்டுக்கொண்டு, "இப்பத் தாங்கோ" என்றார்.

பிள்ளை மோந்தாள். அடங்கினாள். அந்த அம்மா லயத்துக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வீட்டுக்கு வீடு வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்தது, இனி பிள்ளை இவருக்குத்தான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்ட பெண்ணுக்குப் பிள்ளை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அப்பா எழுந்து பிள்ளையின் துணிமூட்டையை எடுத்து வந்து கார்ப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு அதன்மேலிருந்து கையை எடுக்காமல் நின்றார். அந்த அம்மா அதைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பிறகு அவரிடம் வந்து கேட்டார். "இது ஆற்றை சட்டை?"

"என்னோடதுதாம்மா."

"எங்கட வீட்டைச் சுத்தி வயல்தான். ஒரு பால்மரம் கிடையாது. இந்தச் சட்டையின்ரை மணம் போனால் நான் எங்கை போறது, சொல்லுங்கோ?"

அவர் ஒன்றும் விளங்காமல் நின்றார். எனக்கு விளங்கிவிட்டது. ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் எந்தப் பிள்ளையும் எந்த மணத்துக்கும் பழகிவிடும். அது அந்த அம்மாவுக்கும் தெரியும். அவர் கணவருக்கும் தெரியும், ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாக்கை அப்பா முறிக்க வேண்டாமே என்று அந்த அம்மா தானே முறித்துக்கொண்டார்.

"என்னாலை ஏலாது அண்ணை. பிள்ளையை நீங்களே வச்சிருங்கோ" என்று சொல்லிப் பிள்ளையை அவர் கையில் வைத்தார். வெள்ளைச் சட்டையில் பிள்ளை முகத்தைச் சுளித்தாள். அந்த அம்மா வேலைச் சட்டையைக் கழற்றி, அவருடைய தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார், பிள்ளையையும் சேர்த்து மூடுகிற மாதிரி.

மறுநாள் கொட்டகைப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன முடிவும் அதுதான். இளவரசன் கம்பளியைக் கழற்றி ராஜாவுக்குப் போர்த்திவிட்டு, வந்த மாதிரியே நடந்து போனான். "அவனுக்கு ஒண்ணுமே கெடைக்கலயா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த முடிவு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எண்பதுகளில் சுங்கைப் பட்டாணியில் என் சொந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்களுக்கும் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது கணவர் காரிலிருந்து மாவுப்பால் டின்களை எடுத்து வாசலில் வைத்தார். தைத்த சட்டைகள் இருந்த துணிப்பையையும் வைத்தார். கிராணி யாரையும் பார்க்காமல் முன்னால் ஏறிக்கொண்டார். அந்த அம்மாவின் மஞ்சள் பட்டில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு ஒட்டியிருந்தது. கையெல்லாம் பிசுபிசுப்பு. நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீரும் சவுக்காரமும் கொண்டுவந்து நீட்டினேன்.

"கையக் கழுவிட்டுப் போங்கம்மா" என்றேன்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார்.